மருமகன் கேட்ட சாமான்

இருபது வருடங்களுக்கு மேலாக நான் மற்றவர்களின் பெட்டிகளைக் கிண்டிச் சம்பளம் வாங்கினேன். சிட்னி விமான நிலையத்தில், வருகிற பயணிகளைச் சோதிக்கும் சுங்க மேசைதான் என் வேலைத்தலம். கலியாண வீடுகளில் என்னை அறிமுகப்படுத்துகிறவர்கள் "இவர் எயார்போட்டில பெரிய வேலை" என்பார்கள். பெரிய வேலை ஒன்றுமில்லை. கையுறை போட்டுக்கொண்டு ஊறுகாய்ப் போத்தலை முகர்ந்து பார்க்கிற வேலை.

சிட்னியின் புறநகரான கெல்லிவில்லில் இருந்து நித்யா என்ற பெண் எனக்கு எப்போதாவது தொலைபேசி எடுப்பார். தமிழ்நாட்டுப் பிள்ளை. நான் ஓய்வுபெற்ற பிறகு அதே மேசைக்கு வந்தவர். போன வாரம் எடுத்தபோது குரலில் நல்ல அலுப்பு.

"அங்கிள், இப்ப எல்லாத்தையும் ஆன்லைன்ல வாங்குறாங்க. துப்பாக்கி பார்ட்ஸ் கூட. கேட்டா, விக்கிறவர் நல்லவரு, அஞ்சு ஸ்டாருங்குறாங்க. யாரை நம்புறதுன்னே தெரியல. உங்க காலத்துல எப்படித்தான் கண்டுபிடிச்சீங்க?"

உங்க காலம் என்றதும் எனக்குச் சுருக்கென்றது. நான் பாய்மரக் கப்பலைச் சோதித்த ஆள் இல்லை. ஆனாலும் கேள்வி நியாயமானது. அதற்கு என்னிடம் இருக்கிற பதில் ஒரே ஒரு பெட்டியைப் பற்றியது. தொலைபேசியில் சொல்லி முடிகிற கதை இல்லை என்பதால் எழுதி வைக்கிறேன்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சில வாரங்கள் ஒரு மண்டபத்தில் உட்கார்த்தி வைத்தார்கள். கற்றதில் பாதி சட்டம், மீதி முதுகு நோகாமல் பெட்டி தூக்குவது. என் உண்மையான பயிற்சி மொய்ரா என்ற மேற்பார்வையாளரிடம்தான் தொடங்கியது.

மொய்ரா உயரமான, நரைத்த மனுஷி. குரலை உயர்த்தி ஒருநாளும் நான் கேட்டதில்லை. பயணி நிற்கும்போது தான் உட்காரமாட்டார், எங்களையும் உட்கார விடமாட்டார். பெட்டியில் இருந்து எடுக்கிற சாமான்களை மேசையில் இடமிருந்து வலமாக வைக்கச் சொல்வார். திருப்பி அடுக்கும்போது வலமிருந்து இடமாக அடுக்க வேண்டும். அப்போதுதான் பெட்டி வந்தபடியே மூடும். "இதை அவர் ஒரு வாரமாக அடுக்கியிருப்பார். நீ கொஞ்ச நேரத்தில் குழப்பிப்போட்டு அனுப்பாதே" என்பார். ஒட்டியிருக்கிற எதையும் வெட்டுவதற்கு முன்னால் படம் எடுக்க வேண்டும். வெட்டிய பிறகு அது எப்படி இருந்தது என்று கடவுளுக்கும் தெரியாது என்பது அவருடைய கட்சி.

எல்லாவற்றிலும் எனக்கு எரிச்சலூட்டியது அவர் கேட்கிற இரண்டு கேள்விகள்தான். ஏதாவது பிரச்சினை என்று அவரிடம் போனால் முதலில் "பயணி என்ன சொன்னார்?" என்று கேட்பார். அதற்குள் என் அபிப்பிராயத்தில் ஒரு சொல் கலந்துவிட்டாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். அது முடிந்த பிறகுதான் "சரி, நீ என்ன நினைக்கிறாய்?" என்பார். இரண்டையும் தனித்தனிக் கோப்பையில் ஊற்றிக் கொடுக்க வேண்டும். முதல் வருடம் முழுக்க எனக்கு அவரைக் கண்ணில் காட்டக் கூடாது. பிறகு வீட்டிலும் அப்படியே பேசத் தொடங்கி மனைவியிடம் ஏச்சு வாங்கினேன்.

எங்கள் ஆட்களின் பெட்டிகள் எக்ஸ்ரேயில் தனி ரகம். ஒருமுறை புதிதாக வந்த அதிகாரி ஒருவர் திரையில் கனமான பித்தளைக் குழாயையும் இரண்டு கைபிடிகளையும் கண்டு பயந்து, மேசையைச் சுற்றி நின்றவர்களை எல்லாம் விலக்கிவிட்டார். என்னைக் கூப்பிட்டார்கள். நான் போய் இடியப்ப உரலை வெளியே எடுத்து, காற்றில் மாவு பிழிவதுபோல் செய்து காட்டினேன். அன்றிலிருந்து அதற்கு, என் பெயரையும் சேர்த்து, 'சபாவின் நூடில்ஸ் துவக்கு' (துப்பாக்கி) என்று பெயர் வைத்துவிட்டார்கள். தமிழரின் பெட்டியில் நீளமாக எந்த உலோகம் தெரிந்தாலும் என்னைத்தான் தேடுவார்கள்.

2011ஆம் ஆண்டின் குளிர்காலத்தில் ஒரு காலை, லொஸ் ஏஞ்சலிஸில் இருந்து விமானம் வந்திருந்தது. எக்ஸ்ரேயில் நின்றவர் சிரித்துக்கொண்டே கூப்பிட்டார். "சபா, உன்னுடைய நூடில்ஸ் வந்திருக்கிறது." திரையில் ஒரு உருக்குத் தண்டும் பக்கத்தில் குமிழ் வைத்த சிறிய கைபிடியும் தெரிந்தன. முறுக்குப் பிழிகிற உரலின் ஏதோ துண்டு என்றுதான் நானும் நினைத்தேன்.

பெட்டிக்குச் சொந்தக்காரி பரமேஸ்வரி. அறுபது தாண்டியவர். சேலைக்கு மேல் கம்பளிச் சட்டை, காலில் ஓட்டத்துக்குப் போடுகிற சப்பாத்து. நியூஜேர்சியில் மகனோடு இருக்கிறவர். தமிழில் வணக்கம் சொன்னதும் அவருடைய தோள் ஒரு சாண் இறங்கியது.

"தம்பி தமிழே? அப்பாடா. நான் எல்லாம் எழுதியிருக்கிறன். சாப்பாட்டுச் சாமானுக்கு ஓம் எண்டு போட்டிருக்கிறன். மகள் டூங்கபியில இருக்கிறா. இண்டைக்கோ நாளைக்கோ எண்டு நிக்கிறா. வெளியில மருமகனோட வந்து நிப்பா."

உண்மையிலேயே வருகை அட்டையில் ஆம் என்று அடையாளமிட்டு எல்லாம் எழுதியிருந்தார். பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கிற சரக்குத்தூள், மிளகாய்த்தூள், பனங்கிழங்கில் அரைத்த ஒடியல் மா, பலகாரம். ஒவ்வொன்றையும் எடுத்து இடமிருந்து வலமாக வைத்தேன். சில பொதிகள் மற்றவர்கள் சிட்னி உறவினருக்குக் கொடுத்தனுப்பியவை. எல்லாம் ஒருமுறை பிரிக்கப்பட்டு, திரும்பச் சுற்றி, ரப்பர் வளையம் போடப்பட்டிருந்தன.

"ஆர் என்ன தந்து விட்டாலும் நான் பிரிச்சுப் பாக்காமல் பெட்டியில வைக்கிறேல்லை. காலம் அப்பிடி" என்றார் பெருமையாக.

பெட்டியின் அடியில் ஒரு காஞ்சிபுரம் சேலை இருந்தது. அதற்குள் ஒரு சின்ன அட்டைப்பெட்டி. அமெரிக்காவில் அனுப்பியவர் ஒட்டிய மண்ணிற நாடா ஓரம்கூடக் கிளம்பாமல் அப்படியே இருந்தது. நான் படம் எடுத்தேன். பிறகு வெட்டினேன். குமிழித்தாளுக்குள் இருந்து தண்டை எடுத்தபோது எண்ணெய் மணம் மூக்கில் அடித்தது. மாவு பிழிகிற சாமானில் அந்த மணம் வராது.

அது ஒரு ரைபிளின் போல்ட். ரவையை, அதாவது தோட்டாவை, உள்ளே தள்ளி, பின்பக்கத்தை இறுக்கிப் பூட்டி வைத்திருக்கிற துண்டு. சுடுகிறவரின் கன்னத்துக்கு நேரே இருப்பது அதுதான். இந்த நாட்டில் அனுமதி இல்லாமல் அதை வெளியிலிருந்து கொண்டுவர முடியாது.

"அது ஏதோ மெஷின் சாமான், தம்பி."

"அக்கா, இது துவக்கின்ரை சாமான்" என்றேன்.

மேசையில் ஊன்றியிருந்த கையை அவர் சட்டென்று இழுத்துக்கொண்டார். "துவக்கோ?" குனிந்து அதைப் பார்த்தார். "இதுக்குப் பயந்து தானே தம்பி நாங்கள் ஊரை விட்டு வந்தனாங்கள்." பிறகு வெளியேறும் கதவைப் பார்த்தார். கதவுக்கு அந்தப் பக்கம் மகளும் மருமகனும். திரும்பியபோது முகம் மாறியிருந்தது. நிமிர்ந்து நின்றார்.

"அது என்ரை தான். நான் தான் வாங்கினனான். வேற ஒருத்தருக்கும் இதில சம்பந்தமில்லை."

பொய் சொல்கிற எத்தனையோ பேரை அந்த மேசையில் பார்த்திருக்கிறேன். எல்லாரும் தப்பிப் போவதற்காகச் சொன்னார்கள். மாட்டிக்கொள்வதற்காகப் பொய் சொன்ன ஒருவரை அன்றுதான் கண்டேன். அவர் சொன்னது அப்படியே பதிவானால், தெரிந்தே கடத்தி வந்தவர் ஆகிவிடுவார். விசாவை அங்கேயே ரத்துச் செய்து அடுத்த விமானத்தில் ஏற்றிவிடலாம். மகள் கதவுக்கு அந்தப் பக்கம் நிற்க, தாய் முகத்தைக்கூடக் காணாமல் திரும்ப வேண்டியிருக்கும்.

அதற்கு மேல் நான் ஒன்றும் கேட்கவில்லை. மொய்ராவைக் கூப்பிட்டேன்.

"பயணி என்ன சொன்னார்?"

சொன்னேன். தன்னுடையது என்கிறார், தானே வாங்கியதாகச் சொல்கிறார்.

"நீ என்ன நினைக்கிறாய்?"

"பொய் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் கொடுத்த எல்லாவற்றையும் பிரித்துப் பார்த்திருக்கிறார். இதை மட்டும் பிரிக்கவில்லை. எங்களுடைய ஆட்களில் ஒரு மாமியார் யார் தந்ததையும் பிரித்துப் பார்ப்பார். மருமகன் கேட்ட சாமானை மட்டும் பார்க்கமாட்டார். என்ன என்று கேட்கவும் மாட்டார். அது மரியாதை இல்லை."

"மருமகன் கேட்டதுதான் என்று உனக்குத் தெரியுமா?"

"தெரியாது. நினைக்கிறேன்."

"சரி. இனி நீ வாயைத் திறக்காதே."

அது கோபம் இல்லை, நடைமுறை. மேசையில் நிற்கிறவன் மொழிபெயர்ப்பாளனாகவும் இருக்கக் கூடாது. மொய்ரா தொலைபேசியில் அரச மொழிபெயர்ப்புச் சேவையை எடுத்து ஒலிபெருக்கியில் போட்டார். பரமேஸ்வரியக்காவுக்கு உட்காரக் கதிரை கொண்டுவரச் சொன்னார். அவர் வேண்டாம் என்றுவிட்டார். ஆகவே மொய்ராவும் நின்றார், நானும் நின்றேன். தொலைபேசி மட்டும் மேசையில் படுத்திருந்தது.

"அம்மா, வணக்கம். இவங்க கேக்குறத நான் அப்படியே தமிழ்ல சொல்றேன். நீங்க சொல்றத அப்படியே இங்கிலீஷ்ல சொல்வேன்" என்றது ஒரு தமிழ்நாட்டுப் பெண்ணின் குரல்.

இது யாருடையது என்றுதான் முதலில் கேட்பார் என்று நான் எதிர்பார்த்தேன். மொய்ரா அதைக் கேட்கவில்லை. அவர் கேட்டது அந்தக் குரலின் தமிழில் இப்படி வந்தது:

"இந்தப் பெட்டியை நீங்க பிரிச்சுப் பாத்தீங்களா?"

"இல்லை."

"மத்த எல்லாத்தையும் பிரிச்சுப் பாத்திருக்கீங்க. இத மட்டும் ஏன் பிரிக்கல?"

அக்கா மறுபடி கதவைப் பார்த்தார். மொய்ரா அவசரப்படவில்லை. மேசையிலிருந்த சேலையை நீவி ஓரமாக வைத்துவிட்டு அடுத்ததைக் கேட்டார். குரல் மொழிபெயர்த்தது.

"ஒருவேளை, உள்ள என்ன இருக்குன்னு ரகசியமா பிரிச்சுப் பாத்துட்டு, தெரியாத மாதிரி திரும்ப ஒட்டி வெச்சீங்களா?"

"நானோ?" என்றார் அக்கா. நின்ற இடத்தில் ஒரு அடி வளர்ந்த மாதிரி இருந்தது. "மருமகன் கேட்ட சாமானை நான் கள்ளமாப் பிரிச்சுப் பாக்கிறதோ? என்னை என்ன மாதிரிப் பொம்பிளை எண்டு நினைச்சியள்? கலியாணம் முடிச்ச நாளில இருந்து அவரிட்ட ஒரு சொல் ஏன் எண்டு கேட்டிருப்பனோ?"

தொலைபேசிக் குரல் ஒரு சொல் விடாமல் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் சொன்னது.

அப்போதுதான் அக்காவுக்குத் தான் என்ன சொன்னேன் என்பது விளங்கியது. சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"நீங்கள் தான் தம்பி சொல்லிக் குடுத்தனீங்கள்."

பேசக் கூடாது என்பது உத்தரவு. அவரைக் காப்பாற்றியது நான்தான் என்று இன்றும் நம்புகிறேன். ஆனால் எந்தக் கையேட்டிலும் இல்லாத, வீட்டுக்குள் மட்டும் தெரிகிற ஒன்றை எடுத்து அரசாங்கத்தின் கையில் கொடுத்தேன். சரியான காரியத்தைச் செய்துவிட்டு மனம் சுகமில்லாமல் நின்ற நாள் அது.

மருமகனைத் தேடிப் போகத் தேவை இருக்கவில்லை. மாமியைக் காணவில்லை என்று அவர் வெளியே ஏற்கனவே விசாரித்துக்கொண்டிருந்தார். பெயர் ரகு, கணினி வேலை. உள்ளே கூட்டி வந்ததும் மேசையைப் பார்த்தார். யாரும் கேட்பதற்கு முன்பே "அது என்னுடையது, அவருக்கு ஒன்றும் தெரியாது" என்றார் ஆங்கிலத்தில். அதற்காக அவரை எனக்கு அந்த நிமிடமே பிடித்துப்போனது.

அலுவலகத்து நண்பர் ஒருவர் அவரை இலக்குச் சுடும் கழகத்துக்குக் கூட்டிப் போயிருக்கிறார். உரிமம் எடுத்து, பழைய ரைபிள் ஒன்றை முறைப்படி வாங்கியிருக்கிறார். அதன் போல்ட் தேய்ந்துவிட்டது. இணையத்தில் தேடினால் அமெரிக்காவில் ஒருவரிடம் இருந்தது, ஆனால் அவர் வெளிநாட்டுக்கு அனுப்பமாட்டார். மச்சானின், அதாவது அக்காவின் மகனின், நியூஜேர்சி விலாசத்தைக் கொடுத்திருக்கிறார். மாமியும் வரப்போகிறார். எங்கள் ஆட்கள் எவருக்குமே அடுத்து வருகிற யோசனைதான் அவருக்கும் வந்தது. மாமியிடம் கொடுத்துவிட்டால் முடிந்தது.

"லைசன்ஸ் இருக்குது, ரைபிள் பதிஞ்சிருக்குது. பார்ட்டுக்குத் தனியாப் பேர்மிட் தேவை எண்டு நான் நினைக்கேல்லை அங்கிள்" என்றார் என்னிடம். தன் கைத்தொலைபேசியைத் திறந்து மொய்ராவிடம் கொடுத்து, விற்றவரின் பக்கத்தைக் காட்டினார். வரிசையாக நட்சத்திரங்கள். நம்பகமானவர், சொன்னபடி அனுப்பினார், அருமையான மனிதர் என்று கீழே பாராட்டுகள்.

அதற்குள் துப்பாக்கிகளைப் பற்றித் தெரிந்த அதிகாரி வந்து போல்ட்டை வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இலக்கம் வெட்டியிருக்க வேண்டிய இடம் அரத்தால் அராவப்பட்டிருந்தது. எங்கேயோ களவு போன துப்பாக்கியின் துண்டாக இருக்கலாம் என்றார். அது மட்டுமில்லை. முன்பக்கத்தில் பூட்டிப் பிடிக்கிற இரண்டு மேடுகளில் ஒன்று உடைந்து, ஒட்டுப் போட்டு, மேலே நிறம் தீட்டப்பட்டிருந்தது. சுட்டால் என்ன ஆகும் என்று மொய்ரா கேட்டார். அதிகாரி பதில் சொல்லாமல் தன் வலது கண்ணுக்குக் கீழே விரலால் தொட்டுக் காட்டினார்.

ரகு தன் வலது கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார்.

மொய்ரா அவருடைய தொலைபேசியைத் திருப்பிக் கொடுத்தார். "இவரை நல்லவர் என்று இத்தனை பேர் சொல்கிறார்கள். இவர்களில் ஒருவரையாவது உனக்குத் தெரியுமா?"

"இல்லை" என்றார் ரகு. சொல்லிவிட்டு மாமியைப் பார்த்தார். பிறகு தமிழில், மெதுவாக: "மாமி, நீங்கள் ஏன் உங்கட எண்டு சொன்னனீங்கள்?"

அக்கா அவருக்கு நேரே பதில் சொல்லவில்லை. மருமகன் ஒரு கை தூரத்தில் நிற்க, என்னைப் பார்த்துத்தான் சொன்னார்.

"அவரிட்டச் சொல்லுங்கோ தம்பி. அம்மம்மா இல்லாட்டியும் பிள்ளை பிறக்கும். தேப்பன் பக்கத்தில நிக்க வேணும்."

நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. ரகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே நின்றார்.

பரமேஸ்வரியக்காவுக்கு எதுவும் தெரியாது என்று மொய்ரா எழுதினார். ஒட்டுப் பிரியாத பெட்டியின் படத்தைச் சேர்த்தார். விசாவை எவரும் தொடவில்லை. பெட்டியை அன்று மொய்ராவே அடுக்கினார், வலமிருந்து இடமாக. சரக்குத்தூளைச் சோதித்துத் திருப்பிக் கொடுத்தோம். ரகு விசாரணைக்காகப் பின்தங்கினார். பிறகு அவருடைய உரிமத்தை நிறுத்தி வைத்து, ரைபிளையும் பொலிஸ் எடுத்துக்கொண்டதாக அறிந்தேன். எச்சரிக்கையோடு விட்டார்கள். அந்த வாரமே டூங்கபிக் கடையில் மரக்கறி வாங்கும்போது செய்தி கிடைத்தது. ஆண் பிள்ளை, தாயும் பிள்ளையும் சுகம், தகப்பன் பக்கத்தில் நின்றாராம்.

நித்யா, நீர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். ரகு முட்டாள் இல்லை. சந்தையில் கத்தரிக்காயைக்கூட அமுக்கிப் பார்த்து வாங்குகிற ஆள். முகம் தெரியாத ஒருவனுக்கு முகம் தெரியாத மற்றவர்கள் மாட்டிவைத்த நட்சத்திரத்தை நம்பி, கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கிற சாமானை வாங்கினார். பெட்டி நியூஜேர்சிக்கு வந்த பிறகு அது கைமாறியது முழுக்க முழுக்க உண்மையான நம்பிக்கையில். மச்சான் ரகுவை நம்பினார். மாமி கேள்வியே இல்லாமல் நம்பினார். அவர்கள் நல்லவர்களாக இருந்ததால்தான் அந்த ஒட்டுப் போட்ட இரும்பு கடல் தாண்டி என் மேசை வரைக்கும் பத்திரமாக, பட்டுச் சேலைக்குள் வந்தது. கொடுத்தனுப்புவது எங்கள் வழக்கம், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் என் வீட்டில் யார் எதைத் தந்தாலும் தந்தவருக்கு முன்னாலேயே பிரித்துப் பார்க்கிறேன். அதனால் இப்போது எங்களிடம் தந்து விடுகிறவர்கள் குறைவு. மனைவிக்கு அதில் என்மேல் கொஞ்சம் மனத்தாங்கல்.

2013இல் பரமேஸ்வரியக்கா பேரனைப் பார்க்கத் திரும்ப வந்தார். மொய்ரா அப்போது ஓய்வுபெற்றுவிட்டார். அக்கா நேரே வெளியே போயிருக்கலாம், யாரும் நிறுத்தவில்லை. அட்டையில் ஓம் என்று போட்டுவிட்டு, என் மேசை எது என்று விசாரித்து, அந்த வரிசையிலேயே வந்து நின்றார். என்மேல் இன்னும் கோபமோ என்று நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே பெட்டியைத் திறந்தார். பொதிகளைத் தானே இடமிருந்து வலமாக வைத்தார். எல்லாம் பிரித்து, பார்த்து, திரும்பக் கட்டியவை. கடைசியாக அடியிலிருந்து ஒரு சேலைச் சுருளை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

"இது மருமகன் கேட்டது. நான் பாக்கேல்லை. நீங்கள் பாருங்கோ."

சுருளை விரித்தேன். அட்டைப்பெட்டி இல்லை, நாடா இல்லை. ரகு பாடம் படித்திருந்தார். பெட்டியைப் பிரித்து, உள்ளே இருப்பது தெரிகிற பையில் போட்டு மாமியிடம் கொடுக்கும்படி மச்சானிடம் சொல்லியிருப்பார் போல. வெறும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் பை. அதற்குள் சிவப்பு நிறத்தில் ஒரு சோடிக் குழந்தைச் சப்பாத்து. எந்தப் பக்கத்தால் பார்த்தாலும் தெரிகிறது. அதைத்தான் இந்த மனுஷி பார்வையை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சேலையால் சுற்றியிருக்கிறார்.

"அக்கா, சப்பாத்து" என்றேன். "சின்னவன்ரை."

அவர் பார்க்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார். "அளவு காணுமே தம்பி? சின்னனாப் போகாதே? அவன் நல்லா வளந்திட்டானாம்."

"காணும் போலத்தான் இருக்குது."

"அப்ப திரும்பச் சுத்தி விடுங்கோ. நான் பாத்தனான் எண்டு இருக்கக் கூடாது."

சுற்றிக் கொடுத்தேன்.